பதில் வரும்வரை நிற்கிற அக்கா

நான் யாருக்கும் பயந்து வாழ்ந்தவன் அல்ல. நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிப் பினாங்கில் இறங்கியபோது என் கையில் ஒரு மாற்றுச் சட்டை, அவ்வளவுதான். சைக்கிளுக்குப் பின்னால் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு கோயில் கோயிலாக மிதித்தேன். அப்புறம் வேன் வந்தது. அப்புறம் சொந்தக் கடை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையில் பந்தல் போடுகிறவர்கள், என் மைக் செட் கிடைத்தபிறகுதான் பந்தல் காலே நடுவார்கள். பினாங்குத் தமிழர் கல்யாணத்துக்கு முதன்முதலாக வீடியோ கேமராவைத் தோளில் தூக்கிப்போனவன் நான்தான். இல்லை என்கிறவர் என் எதிரில் வந்து சொல்லட்டும். துறைமுகத்துச் சண்டியர்கள் என் வேனை மறித்தபோது, ஆம்பிளிஃபையரைப் பத்திரமாகக் கீழே இறக்கி வைத்துவிட்டு, "வாடா" என்று நின்றவன்.

அப்படிப்பட்ட நான், ஓர் அம்மாள் என் கடைப்படி ஏறுவதைக் கண்டால் பின்கதவைப் பார்ப்பேன்.

அந்த அக்கா குட்டையான ஆள். ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற வேலை. விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கி வெளுத்திருக்கும். பக்கத்தில் வந்தால் சலவைப் பவுடர் வாசனை அடிக்கும். சத்தம்போட்டுப் பேசமாட்டார். சண்டை போட்டதை நான் பார்த்ததில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழக்கம். ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பார்.

இதில் என்ன பயம் என்று நீங்கள் நினைக்கலாம். நாமும்தான் கேள்வி கேட்கிறோம். ஆனால் நாம் கேட்டு முடித்த கையோடு ஒரு சிரிப்புச் சிரித்து, "சும்மாதான் கேட்டேன்" என்போம். எதிரில் நிற்கிறவன் யோசித்தால் நாமே ரெண்டு பதிலை எடுத்துக் கொடுத்து, "இதுவா, அதுவா" என்று அவனைக் கரையேற்றிவிடுவோம். அக்கா அந்த உதவியைச் செய்யமாட்டார். குடைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உங்கள் முகத்தைப் பார்த்தபடி நிற்பார். "ஒக்காருங்கக்கா" என்றால் உட்காரமாட்டார். "டீ குடிக்கிறீங்களா" என்றால் தலையும் ஆட்டமாட்டார். கடையில் ஓடுகிற மின்விசிறியின் கடகட சத்தம் கேட்கும்.

நான் முதலில் அகப்பட்டது ஒரு பழைய ரேடியோவில். கடையில் நல்ல கூட்டம். அக்கா ரேடியோவைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். நான் அதன் பெருமையை எடுத்துச் சொன்னேன். எனக்குச் சொல்லவா வராது? முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, ஒன் வீட்டுக்குன்னா இத வாங்குவியா?" என்றார்.

நின்றார்.

நான் ஜப்பான்காரன் செய்தது என்றேன். பாட்டரியிலும் ஓடும் என்றேன். கூட்டம் என்னைப் பார்த்தது. கடைசியில், "மாட்டேங்க்கா" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். கோபம் இல்லை, ஏளனம் இல்லை. பதில் வந்தது, போய்விட்டார். அன்றைக்குக் கடையில் வேறு யாரும் ரேடியோ வாங்கவில்லை.

அவர் வீட்டுக்காரர் இறந்த கதை இன்னும் மோசம். ஒரு கிடங்கில் மூட்டை சரிந்து அடியில் சிக்கிப் போய்விட்டார். சாவு வீட்டில் தேவாரம் ஒலிபரப்ப நான் குழாய் கட்டப் போயிருந்ததால் அங்கே நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். கிடங்கு மேஸ்திரி மலர்வளையத்தோடு வந்து, "விதிம்மா, என்னா செய்யறது" என்றான். அழுதுகொண்டிருந்த அக்கா எழுந்து நின்றார்.

"மூட்டைய அவ்ளோ ஒசரத்துக்கு அடுக்கச் சொன்னது யாரு?"

அழுகை நின்றுவிட்டது, அவருடையது மட்டுமல்ல, எல்லாருடையதும். மேஸ்திரி வளையத்தைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்தான். வேறு இடத்தில் வைத்தான். நான் தேவாரத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா என்று கை நீட்டி, பயந்து மடக்கிக்கொண்டேன். "நாந்தாம்மா" என்றான் மேஸ்திரி.

"சரி" என்றார் அக்கா. போய்ப் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுதார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் அவரைக் கண்டால் ஆண்பிள்ளைகள் வழியை மாற்றிக்கொள்வார்கள். எந்தக் கேள்வி யாருக்கு வைத்திருக்கிறாரோ, யாருக்குத் தெரியும்?

அக்காவின் வீடு, தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் சந்துக்குள் ஒதுங்கிய ஒரு கம்பத்தில், கிராமம் மாதிரி ஒரு குடியிருப்பில், இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை போட்ட வீடுகள் ஒரு வரிசை. நிலம் யாரோ ஒரு தவுக்கேயுடையது, சீன முதலாளியுடையது. வீடு மட்டும் இவர்களுடையது. எண்பதுகளின் நடுவில், அந்த வரிசையின் தூண்களில் யாரோ வந்து சிவப்புச் சாயத்தால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். இடிக்கப்போகிறார்கள் என்று பேச்சு. மாற்று வீடு கிடைக்கும் என்று பாதி பேர், கிடைக்காது என்று பாதி பேர். போய்க் கேட்கத்தான் யாரும் இல்லை. "கேட்டா நாமளே ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடும் லா. மறந்து கெடந்தா கெடக்கட்டும்" என்பார்கள். அக்காவுக்கு அந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

அது என்ன காலம் என்பதைச் சொல்லவேண்டும். ஆட்களைப் பிடித்துப்போய், வழக்கு இல்லாமல் விசாரணை இல்லாமல் உள்ளே வைத்திருந்த காலம். காப்பிக்கடையில் ஒருவன் சத்தமாகப் பேசினால் பக்கத்து மேசைக்காரன் தன் காப்பியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போவான். திடலில் தேர்தல் கூட்டம் போட முடியாது. மண்டபத்துக்குள், போலீஸ் பெர்மிட் எடுத்துப் பேசலாம். அதற்குச் செராமா என்று பெயர். எந்தக் கட்சிச் செராமா என்றாலும் மைக் என்னுடையது. எந்தக் கட்சிச் செராமா என்றாலும் கடைசி வரிசையில் அரைக்கைச் சட்டை போட்ட ஒருவன் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பான். ரகசியப் போலீஸ். என் மனைவி சொல்லுவாள்: "மைக் வாடகைக்கு விடறவனுக்கு வாய் எதுக்கு? சாமானப் போட்டமா, சுருட்டினமா, வீட்டுக்கு வந்தமான்னு இருங்க."

அப்படி ஒரு செராமாவில், வேட்பாளர் பேசி முடித்துக் கைதட்டலும் முடிந்தபிறகு, அக்கா எழுந்தார்.

"எங்க கம்பத்து வீடுங்கள ஒடைப்பாங்களா? ஒடைச்சா மாத்து வீடு உண்டா, இல்லையா?"

ஒரு போலீஸ் அதிகாரி முன்னால் வந்து, பெர்மிட் பேச்சுக்குத்தான், கேள்வி பதிலுக்கு இல்லை என்று சொன்னார். வேட்பாளர் கைகூப்பிவிட்டு, வாசலில் நின்ற காடியின் கதவைத் திறந்து ஏறினார். சனம் கலைந்தது. நாற்காலிகளை மடக்கினார்கள். அக்கா நின்றார்.

"யக்கா, எல்லாரும் போயிட்டாங்க" என்றேன், வயரைச் சுருட்டிக்கொண்டே.

"பதில் வரல தம்பி."

அரைக்கைச் சட்டைக்காரன் என்னிடம் வந்தான். அந்தப் பெண் யார் என்று மலாயில் கேட்டான். என் முதுகில் தண்ணீர் வழிந்தது. ஆனால் எனக்கு மூளை வேலைசெய்யும். "ஓராங் கீலா, துவான்" என்றேன். பைத்தியக்காரி ஐயா, என்று அர்த்தம். அவன் அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஆளில்லாத மண்டபத்தில் மேடையைப் பார்த்து நிற்கிற பெண். நம்பிவிட்டான்.

அக்காவுக்குக் காதில் விழுந்திருக்கிறது. "நல்லாத்தான் சொன்னே தம்பி. பைத்தியத்த எந்தப் போலீஸ் மாத்தாவும் புடிக்கமாட்டான்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நான் மிச்ச வயரைச் சுருட்டாமலே வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அக்காவுக்கு டிவி யோசனை எங்கே வந்தது என்றால், என் கடையில்தான். விற்பனைக்கு வைத்திருந்த டிவிகளில் ஒன்றில் மாலைச் செய்தி ஓடும். மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து ஐயா, ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், அதைப் பார்க்கக் கீழே வருவார். அன்றைக்கு அக்காவும் வேலை முடிந்து போகிற வழியில் நின்றார். திரையில் ஒரு பெரிய மனிதர் எதையோ திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொட்டியில எப்பவும் அவங்களே பேசறாங்க" என்றார் அக்கா. "தேர்தலுக்கு நிக்கிற ஆளுங்கள எல்லாம் இதுல ஒக்கார வச்சு, நாம கேட்டா என்னா? வீட்ல இருக்கிற சனம் எல்லாம் மூஞ்சியப் பாக்கலாம் லா."

ஐயா தலையாட்டினார். "அது சரிவராது பிள்ளை. வடிவாய்க் கதைக்கிறவன் வெண்டுபோடுவான். வேலை செய்யிறவனுக்குக் கதைக்க வராது. பாவம், அவன் விழி பிதுங்கி நிக்க, சனம் அவனை மோடன் எண்டு நினைக்கும். கடைசியில நாடகம்தான் மிஞ்சும்."

நல்ல வாதம். இன்றைக்கும் நல்ல வாதம்தான் என்று நினைக்கிறேன். அக்கா முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப வேலை செய்யறவன் யாருன்னு எப்படிங்கய்யா கண்டுபுடிக்கிறது?" என்றார்.

நின்றார்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். "எனக்குத் தெரியேல்லை பிள்ளை" என்றார். அவர் மானஸ்தர். சீக்கிரமாகச் சொல்லிவிட்டார்.

நான் எழுந்து டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். கடைக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. யாருடையது என்று தெரியவில்லை. "யக்கா, இதெல்லாம் இங்க பேசாதீங்க. என் லைசென்ஸ் போயிரும். நீங்க நெனைக்கிறது இந்த நாட்டு டிவியில நடக்காது."

அக்கா கடையின் உள்பக்கம் பார்த்தார். அங்கே என் கல்யாணச் சாமான்கள் இருந்தன: கேமரா, முக்காலி, நீளமான வயர், இரண்டு பெரிய டிவி. கல்யாண மண்டபத்தில் மேலே தாலி கட்டும்போது, கீழே சாப்பாட்டுக் கூடத்தில் பந்தியில் இருக்கிறவர்களும் அப்போதைக்கப்போதே டிவியில் பார்க்கலாம். அந்த ஏற்பாட்டைப் பினாங்கில் கொண்டுவந்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"ஒன் டிவி இருக்கே தம்பி" என்றார்.

எனக்கு அப்போது புரியவில்லை. அடுத்த தேர்தல் அறிவித்தபிறகு, வெற்றிலை பாக்கோடு பத்திரிகை கொண்டுவந்தாரே, அப்போதுதான் புரிந்தது. மகளுக்குக் கல்யாணம்.

"கல்யாணத்துக்குப் போலீஸ் பெர்மிட் வேணுமா தம்பி?"

"வேணாங்க்கா."

"ரெண்டு கட்சி ஆளையும் கூப்டுருக்கேன். ரெண்டு பேரும் வரேன்னுட்டாங்க. ஓட்டு நேரம்ல, கல்யாணம்னா ஓடி வருவாங்க. ஒரே நேரம் சொல்லியிருக்கேன்."

"யக்கா, பொண்ணு கல்யாணம். மாப்ள வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா?"

"தாலி ஏறினதுக்கு அப்புறந்தான் கேக்கப்போறேன்."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"அவளும் அந்த வீட்டுலதானே பொறந்தா." கொஞ்சம் நெருங்கி வந்தார். "கீழ டிவியில மூஞ்சி நல்லாத் தெரியுமா? நீ வருவியா?"

நின்றார்.

அந்த நேரத்தில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று கேளுங்கள். கடை லைசென்ஸ். என் பிள்ளைகள். ஒரு அறை, அதில் ஒரு பல்பு, எதிரே அரைக்கைச் சட்டைக்காரன். வேறு ஒரு கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"வரேங்க்கா."

"சரி."

என் மனைவி அழுதாள். "ஒடம்பு சரியில்லன்னு சொல்லிருங்களேன். ஒங்களையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிட்டா நான் எங்க வந்து தேடுவேன்?" வாயை மூடு என்று அதட்டினேன். அதட்டிவிட்டு, கடைச் சாவிக் கொத்தை அவளிடம் கொடுத்து, என் தம்பியின் டெலிபோன் நம்பரைக் கடைச் சுவரில் எழுதிவைத்தேன்.

கல்யாணத்தன்று விடிவதற்கு முன்பே சாமான்களோடு மண்டபத்துக்குப் போய்விட்டேன். முக்காலியை மேடைக்கு நேராக நிறுத்தினேன். வயரைப் படிக்கட்டு வழியாகக் கீழே இறக்கி இரண்டு டிவியிலும் கொடுத்தேன். தாலி ஏறியது. சட்டமன்ற உறுப்பினர், நாங்கள் ஒய்.பி. என்று அழைக்கிறவர், பத்துப் பதினைந்து பேர் சூழ வந்து முன்வரிசை சோபாவில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கட்சிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டபடி வந்தார். இவரைக் கண்டதும் அவருக்கும் அவரைக் கண்டதும் இவருக்கும் முகம் ஒரு மாதிரி போயிற்று. ஆனால் கல்யாணம். சிரித்துக் கைகொடுத்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் அரைக்கைச் சட்டை. அவன் மொய்க் கவரோடு வந்திருந்தான்.

ஒய்.பி. மேடையேறி மைக்கில் மணமக்களை வாழ்த்தினார். நன்றாகத்தான் வாழ்த்தினார். இறங்கப்போகிற நேரம் அக்கா பட்டுச் சேலையோடு மேடைக்கு வந்து, "அங்கயே நில்லுங்க ஒய்.பி. இவங்களும் வரட்டும்" என்று மற்றவரையும் அழைத்து நிறுத்தினார். படம் எடுக்கத்தான் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். பொண்ணு மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். போட்டோக்காரன் பளிச் பளிச்சென்று இரண்டு எடுத்தும் விட்டான்.

அக்கா மைக்கை வாங்கினார்.

"எங்க கம்பத்து வீடுங்கள ஒடைப்பாங்களா? ஒடைச்சா மாத்து வீடு உண்டா, இல்லையா? கீழ பந்தியில எங்க கம்பத்து சனம் எல்லாம் டிவியில பாத்துட்டு இருக்காங்க."

சொல்லிவிட்டு மைக்கை இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினார். நின்றார்.

எதிர்க்கட்சிக்காரர் முந்திக்கொண்டு வாங்கினார். "நாங்க வந்தா கண்டிப்பா மாத்து வீடு குடுப்போம். இது சத்தியம்!" கீழேயிருந்து கைதட்டல் கேட்டது.

"எப்படி?" என்றார் அக்கா.

நின்றார்.

"அதாவது... ஒரு குழு அமைச்சு... நிலச் சொந்தக்காரரோட பேசி..." என்று தொடங்கியவர், அக்காவின் முகத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். வாக்கியம் நடுவழியில் நின்றுவிட்டது. சூடான பாத்திரத்தைக் கைமாற்றுகிற மாதிரி மைக்கை ஒய்.பி.யிடம் கொடுத்தார்.

"அம்மா, நல்ல நாளு. மங்களகரமான மேடை. ஆபீசுக்கு வாங்க, பேசலாம்" என்றார் ஒய்.பி. சனத்தில் பல பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா முகம் சிவந்து எழுந்தார். "சம்பந்தியம்மா! என்னா இது?" அக்கா திரும்பவில்லை. சம்பந்திக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கல்யாண வீட்டில் காதில் விழக்கூடாதது விழப்போகிறது என்றால் நாம் என்ன செய்வோம்? அதைத்தான் அவர் செய்தார். மேளக்காரரைப் பார்த்து விரலை ஆட்டினார்.

கெட்டி மேளம் முழங்கியது.

என் ஆயுசில் அப்படி ஒரு மேளத்தை நான் கேட்டதில்லை. தவில்காரர் உயிரைக் கொடுத்து அடித்தார். ஒரு பேச்சை மூழ்கடிக்கத்தான் மேளம் உதவும். இங்கே பேச்சே இல்லையே. அக்காவின் வாய் மூடித்தான் இருந்தது. அவர் நின்றார். மேளக்காரர்கள் பாவம், எவ்வளவு நேரம்தான் அடிப்பார்கள்? ஒரு இடத்தில் ஓய்ந்தது. ஓய்ந்தபோது அக்கா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

கீழே பந்தியில் ஒரு சத்தம் இல்லை. இலைச் சத்தம்கூட இல்லை. பக்கவாட்டில் ஓர் ஆள் என்னை நெருங்குவது தெரிந்தது. அரைக்கைச் சட்டை. அவன் மூச்சு என் காதருகே கேட்டது. நான் கேமராவுக்குள் கண்ணைப் புதைத்துக்கொண்டேன். கண்ணாடிக்குள் ஒய்.பி.யின் முகம் மட்டும் இருந்தது. மேலுதட்டில் வியர்வை. அவர் நேராகக் கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தார். அந்த விளக்குக்குப் பின்னால் இலை முன் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

"இல்லம்மா" என்றார். "மாத்து வீடு இல்ல. நெலம் கைமாறிப் போச்சு. தேர்தல் முடிஞ்சதும் நோட்டீஸ் வரும்."

கீழேயிருந்து ஒரு பெண்ணின் குரல் "ஐயோ" என்றது. அப்புறம் பல குரல்கள்.

"சரி" என்றார் அக்கா. "ரெண்டு பேரும் சாப்பிட்டுத்தான் போகணும்." மைக்கை அதன் கம்பியில் பொருத்தினார். போய் மகளின் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

நான் திரும்பிப் பார்த்தபோது அரைக்கைச் சட்டைக்காரன் இல்லை. அவன் என் கடைக்கும் வரவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை; வராமல் இருந்ததுதான் கொடுமை. அடுத்து வந்த மாதங்களில் கடைவாசலில் எந்தக் காடி நின்றாலும் நான் சுவரில் எழுதிய நம்பரைப் பார்த்துக்கொள்வேன்.

கம்பத்துச் சனம் அக்காவைத்தான் ஏசியது. "இவ கேக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாளு நிம்மதியா இருந்திருப்போம்" என்றார்கள். ஏசிக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் வீடு தேடத் தொடங்கினார்கள். நோட்டீஸ் வந்தபோது பாதி வரிசை காலியாக இருந்தது. அடுத்த கம்பத்தில் யாரும் கேட்கவில்லை. அங்கே இயந்திரம் வந்த காலையில் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒய்.பி. அந்தத் தேர்தலில் ஜெயித்தார். அதற்கடுத்த தேர்தலில் அவர் கட்சி அவரை நிறுத்தவில்லை.

இப்போதெல்லாம் தேர்தல் வந்தால், வேட்பாளர்களை டிவியில் நிறுத்தி வாக்காளர்கள் கேள்வி கேட்கவேண்டுமா வேண்டாமா என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். நான் படிக்காதவன். ஆனால் அதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவன், கையால் நடத்தியவன். என்னைக் கேட்டால், வேண்டும் என்பேன். ஒன்று மட்டும். பதிலுக்கு இத்தனை நிமிஷம் என்று மணி அடிக்காதீர்கள். மணி அடித்தால் அவன் தப்பித்துவிடுவான். கேட்டவர் வாயை மூடிக்கொண்டு நிற்கட்டும். கேமரா முகத்தைவிட்டு நகராமல் இருக்கட்டும். அது போதும். வடிவாய்க் கதைக்கிறவனும் அங்கே திக்குவான். திக்குகிறவனும் அங்கே உண்மையைச் சொல்லிவிடுவான்.

அக்கா அக்கரைக்குப் போனார். பட்டர்வொர்த் பக்கம், மகள் இருக்கிற இடத்துக்கு அருகில், ஒரு துண்டு இடத்தில் பழைய பலகையை வைத்தே வீடு கட்டிக்கொள்வதாக ஏற்பாடு. சம்பந்தி பேசவில்லை, மாப்பிள்ளைதான் இடம் பார்த்துக் கொடுத்தார். தகரத்தையும் பலகையையும் நான்தான், வேனுக்கு அப்புறம் வாங்கிய என் லாரியில் ஏற்றிப் போனேன். ஃபெரியில் லாரியைக் கீழ்த்தட்டில் நிறுத்திவிட்டு இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பகல் வெயிலில் கடல் தகரம் மாதிரி பளபளத்தது.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லையே. அந்தக் கல்யாண டேப்பைப் பற்றிப் பேசினேன். பார்த்தவர்கள் எல்லாம் என்னைத்தான் பாராட்டுகிறார்கள் என்றேன். "அண்ணே, எப்படிண்ணே கை நடுங்காம அந்த மூஞ்சியவே புடிச்சீங்க" என்று கேட்கிறார்கள், தொழில் லா என்று சொன்னேன், என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த மாத்தா ஒன் பக்கத்துல வந்து நின்னான்ல. அப்பக்கூட நீ ஏன் கேமராவத் திருப்பல?"

நின்றார்.

தைரியம் என்று சொல்ல வந்தேன். மலேசியாவிலேயே என்னைப் போல ஒரு கேமராக்காரன் இல்லை என்று சொல்ல வந்தேன். ஃபெரியின் இயந்திரம் காலுக்கடியில் உதறிக்கொண்டிருந்தது. அக்கரை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது.

"பயத்துல கை அசையலக்கா" என்றேன்.

அவர் "சரி" என்று சொல்லவில்லை. என் கையைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஒனக்குக் கையி. எனக்குக் காலு, தம்பி. கேட்டு முடிச்ச ஒடனே ரெண்டு காலும் மரத்துப் போயிடும். நாக்கும் ஒட்டிக்கும். ஒக்காரலாம்னுதான் நெனைப்பேன், முடியாது. பதிலு வந்தாத்தான் காலு திரும்பி வரும்."